கீழே கிடந்த புள்ளி

என் மேஜையில் இரண்டு நோட்டுகள் பக்கம் பக்கமாகத் திறந்து கிடந்தபோதுதான் அது தோன்றியது. ஒன்று சைட் டைரி. அதில் தினமும் மத்தியான வெப்பத்தை எழுதுவேன். மற்றது முதலுதவி ரிஜிஸ்டர். மயக்கம் என்றோ, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றோ வந்து உப்புக் கரைசல் பாக்கெட் வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர் என்று அதில் இருக்கும். அபுதாபி பக்கம் முசஃபாவில் ஒரு கட்டட சைட்டில் நான்தான் டைம் கீப்பர், முதலுதவி அறைக்கும் நான்தான் பொறுப்பு. இரண்டிலும் என் கையெழுத்துதான். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதுவரை தோன்றவில்லை. பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் கிராஃப் போட்டவனுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான்.

ஆபீஸில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் அக்கவுண்டன்டிடம். எனவே பழைய டிராயிங் ஒன்றின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். கிடையில் வெப்பம், நெடுக்கில் ஆட்கள். ஒரு நாளுக்கு ஒரு புள்ளி. ஏறிக்கொண்டே போகும் ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். அப்படி எதுவும் வரவில்லை. வெயில் கொளுத்திய நாளில் ஒருவர் வந்திருந்தார். அதைவிடச் சூடு குறைந்த நாளில் ஒன்பது பேர்.

ரூமில் என் கட்டிலுக்கு மேல் கட்டில்காரன் எட்டிப் பார்த்தான். அரியலூர் பக்கத்துக்காரன், மேல்தள ஸ்லாபில் கம்பி கட்டுகிறவன், என் வயதுதான்.

"என்ன மாப்ள, ஆணி டப்பாவ தட்டி விட்ட மாதிரி இருக்கு?"

"வெயிலுக்கும் மயக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கணும்டா. வர மாட்டேங்குது."

"வெயில் எங்கள ஒண்ணும் பண்ணாது. கடல்காத்து அடிக்கும் பாரு, சட்டைய புழிஞ்சா தண்ணியா ஊத்தும், உடம்பு மட்டும் ஆறாது. அன்னிக்குத்தான் ஆளு சாயும். ஏசியில ஒக்காந்து புள்ளி வைக்கிறவனுக்கு அது எங்க தெரியப் போவுது?"

கிண்டல்தான். ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீஸுக்கு வரும் ஆங்கிலப் பேப்பரில் முந்தைய நாளின் ஈரப்பதம் போடுவார்கள். பழைய பேப்பர் கட்டைப் பிரித்து, வெப்பம் இருந்த இடத்தில் ஈரப்பதத்தை வைத்துத் திரும்பவும் போட்டேன். புள்ளிகள் வரிசைக்கு வந்தன. கொஞ்சம் இப்படி அப்படி இருந்தாலும், இடது கீழிலிருந்து வலது மேலுக்கு ஏறின.

இதை என்ஜினியரிடம் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஈரக்காற்று நாட்களில் பன்னிரண்டு மணிக்கு ஆட்களை இறக்கி, நாலு மணிக்கு மேல் ஏற்றச் சொல்ல வேண்டும். டிராயிங்கின் முதுகில் போட்டதைக் காட்டினால் மதிப்பாரா? மறுநாள் பிக்கப் வண்டி டவுனுக்குக் கிளம்பியபோது நானும் தொற்றிக்கொண்டேன், நல்ல கிராஃப் பேப்பர் வாங்க. அன்று காலையிலேயே ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கம் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் போனேன்.

மத்தியானம் மேல் கட்டில்காரன் ஸ்லாபில் விழுந்தான். இரண்டு காலும் இழுத்துக்கொண்டு, பேச்சு குழறி. தூக்கிக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடியிருக்கிறார்கள். பூட்டியிருந்தது. சாவி என் பேன்ட் பையில், டவுனில். சமையல்காரரிடம் உப்பு வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். ஃபோர்மன் "காய்ச்சல்" என்று சொல்லி ரூமுக்கு அனுப்பிவிட்டார். அடிக்கடி படுப்பவனை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் இவனும் அதற்குத் தலையாட்டியிருக்கிறான்.

சாயங்காலம் ரிஜிஸ்டரைத் திறந்தேன். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. கொடுத்த பாக்கெட்: பூஜ்யம். எழுதினேன். பொய் இல்லை, ஒரு பாக்கெட்கூடக் கொடுக்கவில்லைதான்.

மறுநாள் அன்றைய ஈரப்பதமும் கிடைத்து, புது கிராஃப் பேப்பரில் எல்லா நாளையும் ஏற்றியபோது கோடு அழகாக வந்தது. அந்த ஒரு நாள் மட்டும் வலது ஓரத்தில், எல்லாவற்றையும்விட அதிக ஈரப்பதத்துக்கு நேராக, அடிக்கோட்டில் ஒட்டிக்கிடந்தது. அவன் கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டித் தாளை வாங்கினான். கால் இன்னும் முழுதாக மடங்கவில்லை.

"இதுல நான் எங்கடா இருக்கேன்?"

"நீ இல்ல."

அவன் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். சனிக்கிழமை அவன் மறுபடி ஸ்லாப் ஏற வேண்டும்.

அந்தப் புள்ளியை அழித்துவிடலாம் என்று ரப்பரைக் கையில் எடுத்தது உண்மை. அழிக்கவில்லை. நேர்மையால் அல்ல, யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையால்.

என்ஜினியர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

"தம்பி, நீர் டைம் கீப்பரோ, வானிலை அதிகாரியோ?"

விளக்கினேன். வேகவேகமாக. அவர் பேனாவின் மூடி கோட்டின் மேல் மெதுவாக நகர்ந்து, நேராகக் கீழே இறங்கி நின்றது.

"உது என்ன? அண்டைக்குத்தான் ஈரம் கூட. ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை. அப்ப உம்மட கோடு பிழையெல்லோ?"

சும்மா இருந்தால் என் வேலை தப்பிக்கும், ஆனால் மேல் கட்டில்காரன் சனிக்கிழமை பழைய நேரத்துக்கே ஏறுவான்.

"கோடு சரி சார். அந்தப் புள்ளிதான் தப்பு. அன்னிக்கு ஒருத்தன் விழுந்தான். முதலுதவி ரூம் பூட்டியிருந்தது. சாவி எங்கிட்ட. இந்தத் தாள் வாங்கத்தான் டவுனுக்குப் போயிருந்தேன்."

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"திறப்பை இஞ்ச வையும்."

சாவியை மேஜையில் வைத்தேன். அதை இழுப்பறைக்குள் போட்டார்.

"இனி இது ஃபோர்மனிட்ட இருக்கும். ஒரு கிழமை, ஏழு நாள், நீர் சொன்ன மாதிரி இறக்கிப் பாப்பம். உம்மட வேலையைப் பற்றி அதுக்குப் பிறகு கதைப்பம்."

இன்று வெள்ளி, விடுமுறை. பேப்பரில் வரும் ஈரப்பதம் விமான நிலையத்தில் அளந்தது, எங்கள் ஸ்லாபில் அல்ல. ஆகவே நாளை காலை இரண்டு தெர்மாமீட்டரோடு நானும் மேலே ஏறுகிறேன். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்றில் ஈரம் கூடினால் துணித் தண்ணீர் காயாது, இரண்டு தெர்மாமீட்டரின் எண்ணும் நெருங்கும்; அதுதான் இறங்க வேண்டிய நேரம். ரிஜிஸ்டரிலும் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறேன்: உடம்பு முடியாமல் போயும் முதலுதவி அறைக்கு வராதவர்கள். அதை நிரப்ப, ஒவ்வொருவரிடமும் நானே போய்க் கேட்க வேண்டும். முதலில் கேட்கப்போவது மேல் கட்டில்காரனை. சொல்வானா என்று தெரியவில்லை.