மூன்று தடவை கேட்டாயிற்று

சொல்தா எங்கள் கடைக் கதவைத் தன் கையால் திறந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு வெளியே வந்து கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நிற்பார். பின்னால் வருகிற பெண் இரண்டு கைப் பைகளையும் நிலத்தில் வைத்துவிட்டு, அவரைச் சுற்றி முன்னால் வந்து கதவைத் தள்ளிப் பிடிப்பாள். மழையென்றாலும் அப்படித்தான். அவர் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு திரும்பிப் போய்ப் பைகளை எடுத்து வருவாள். அவளுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். அவர் ஒரு கோப்பி குடித்து முடிக்கும்வரை சுவரோரம் நிற்பாள். அவரை அவள் ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் "முசியே" என்று அழைப்பாள். அவர் அவளை "ஏய்" என்பார். வீட்டு வேலைக்காகப் பாண்டிச்சேரியிலிருந்து கூட்டிவந்த பெண் என்று, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பேலில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களைப் பாண்டிச்சேரிக்காரர்கள் சொல்தா என்பார்கள். அந்தப் பெயரை நாங்களும் எடுத்துக்கொண்டோம். எண்பதை நெருங்கிய வயது, மனைவி இல்லை, இரண்டு மகன்மார் தெற்கே எங்கோ பெரிய உத்தியோகம். எங்களுடையது தேநீரும் வடையும் ரோல்சும் விற்கிற சின்னக் கடை. நான் கல்லாவில் நிற்பேன். எங்களைப்போல இலங்கையிலிருந்து பிரான்சுக்கு அகதியாக வந்தவர்கள் மீது அவருக்கு ஓர் இளக்காரம் இருந்தது. ஆனால் ஊர்க் கோப்பி எங்களிடம்தான் கிடைத்தது. நாக்குக்காக எங்களைப் பொறுத்துக்கொண்டார்.

அவருக்கு எதிர்வாதம் செய்கிற ஒரே ஆள் எங்கள் சமையல்காரர். வன்னியில் நடந்த கடைசிப் போரில், 2009இல், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்துவிட்டு அடுத்த வருடம் பாரிசுக்கு வந்தவர். அண்ணை என்றுதான் அவரை எல்லோரும் அழைப்போம். பிள்ளைகளை எங்கே புதைத்தார், புதைக்க முடிந்ததா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. சமையலறைக்கும் கல்லாவுக்கும் நடுவே ஒரு சின்னச் சாளரம் உண்டு. அதற்குள் தலையை நீட்டிச் செய்தி பார்ப்பது அவருடைய வழக்கம்.

2021 மார்கழியில் எங்கள் கடைத் தொலைக்காட்சி முழுக்க நூவெல் கலெதோனிதான். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, இன்னும் பிரான்சின் கையில் இருக்கும் தீவுகள் அவை. தனி நாடாகப் போகிறீர்களா, பிரான்சோடு இருக்கிறீர்களா என்று அந்த மக்களிடம் ஏற்கெனவே இரண்டு தடவை வாக்கெடுத்திருந்தார்கள். இரண்டிலும் இருக்கிறோம் என்ற பக்கம்தான் வென்றது. ஆனால் இரண்டாம் தடவை இடைவெளி குறைந்திருந்தது. மூன்றாம் தடவைக்கு நாள் குறித்தபோது அங்கே கொரோனாவில் நிறையப் பேர் செத்திருந்தார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான கனக் மக்கள், வீடுகளில் துக்கம் இருக்கிறது, தள்ளி வையுங்கள் என்று கேட்டார்கள். அரசு தள்ளி வைக்கவில்லை. அவர்கள் வாக்களிக்கப் போகவில்லை. வந்தவர்களில் அனேகமாக எல்லோரும் பிரான்சோடு இருக்கிறோம் என்றே போட்டிருந்தார்கள். அதை வெற்றி என்று அறிவித்தார்கள். இந்த வாக்கெடுப்பைத் திருப்பி நடத்த வேண்டுமா, வேண்டாமா என்று கிழமைக்கணக்காகத் தொலைக்காட்சியில் சண்டை நடந்தது. எங்கள் கடையிலும் நடந்தது.

"நான் அவங்க தலைநகரம் நூமேயாவுல மூணு வருசம் படையில இருந்தவன். அவங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்பார் சொல்தா. "கேக்கும்போது வரணும். வரலைன்னா அதுவும் ஒரு பதில்தான். மறுபடி கேக்கறதுக்கு இது என்ன கல்யாண விருந்தா, இன்னொரு கரண்டி போடட்டுமான்னு?"

கடையில் சிலர் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை.

"செத்தவீட்டுக்காரரை வாசல்லை நிண்டு வா எண்டு கூப்பிடுறேல்லை ஐயா. எங்கடை ஊரிலை அந்தப் பழக்கம் இல்லை. உங்கடை ஊரிலையும் இராது. ஒரு வருசம் பொறுத்துக் கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? திருப்பிக் கேக்கத்தான் வேணும்."

சொல்தா கோப்பியைக் கீழே வைத்தார். அடிக்கிற ஆள் இடம் பார்ப்பதுபோல அண்ணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க ஜனங்களை யாராவது ஒரு தடவையாவது கேட்டாங்களா? தனியாப் போறியா, இருக்கியான்னு? கேக்கல. குண்டு போட்டாங்க. இவங்களை மூணு தடவை கேட்டாச்சு. சாவைக் காரணம் சொல்லிக்கிட்டு வீட்ல உக்காந்துட்டாங்க. உன் வீட்லதான் அத்தனை பேர் செத்தாங்களே, உன்னை ஒருத்தன் கூப்பிட்டிருந்தா நீ போயிருக்க மாட்டியா? இவங்களைப் பாத்தா உனக்குப் பொறாமையா இல்லையா?"

சாளரத்தின் விளிம்பைப் பிடித்திருந்த அண்ணையின் கை மாவாக இருந்தது. "பொறாமைதான்," என்றார். உள்ளே போய்விட்டார். எண்ணெயில் வடை விழும் சத்தம் கேட்டது.

சொல்தா அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் அப்படியே கழிந்திருக்கும். வென்றவருக்கு இன்னும் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. "சாவு வீடுன்னு ஒக்காந்தவன் எவனும் உருப்பட்டதில்ல," என்றார் பொதுவாக.

சுவரோரம் நின்ற பெண் பைகளைக் கீழே வைத்தாள்.

"சித்தப்பா," என்றாள்.

எனக்கு முதலில் யாரை அழைக்கிறாள் என்று விளங்கவில்லை. கடைக்குள் அந்தச் சொல்லை அவள் சொன்னதே இல்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எங்களைப் பார்த்துத்தான் பேசினாள். உரத்துப் பேசவில்லை.

"எங்க தாத்தா செத்தப்ப, அறுபத்திரண்டுல, பாண்டியை இந்தியாவுக்குக் குடுத்துட்டு, எந்த நாடு வேணும்னு எல்லாரும் எழுதிக் குடுக்கற நேரம். பிரான்சோட இருக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள போயிக் கையெழுத்துப் போடணும். போடாதவங்க இந்தியாக்காரங்க. தாத்தாவுக்குக் கொள்ளி வெச்சது எங்கப்பா. பெரியவரு. கருமாதி முடியற வரைக்கும் வெளிய போகக்கூடாது. இன்னும் நாள் இருக்கு அண்ணே, காரியத்தை முடிச்சிட்டு நிதானமா போன்னு இவருதான் சொன்னாரு. சொன்னவரு மூணாம் நாளே போயிப் போட்டுட்டு வந்துட்டாரு. எங்கப்பா மொட்டைத் தலையோட போனப்ப, நேத்தோட முடிஞ்சுதுன்னுட்டாங்க."

சொல்தா மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படுவார், தடியை ஓங்குவார் என்றுகூட நினைத்தேன். அவர் ஒரு கணக்கைச் சரி பார்த்தவர்போலத் தலையாட்டினார்.

"ஆமா, சொன்னேன். ரெண்டு பேரும் போயிட்டா எங்கம்மாவை யாரு பாத்திருப்பாங்க? ஒருத்தன் இருக்கணும். அவன் இருந்தான்." பிறகு முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். "அதனாலதான் நான் உக்காந்து கோப்பி குடிக்கிறேன். நீ பை தூக்கிட்டு நிக்கறே."

அவள் பைகளைத் தூக்கிக்கொண்டாள். முன்னால் போய்க் கதவைப் பிடித்தாள். அவர் எழுந்து போனார். வேறெங்கு போவாள்? சுற்றுலா விசாவில் வந்து, அது முடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவருடைய வீட்டைத் தவிர இந்த ஊரில் அவளுக்குக் கதவு கிடையாது. அது அவருக்குத் தெரியும். அன்று அவர் அத்தனை நிதானமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

அதன் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை. அவள் மட்டும் வந்தாள். அக்கா என்று அழைக்கத் தொடங்கினோம், உட்காரவும் வைத்தோம். அடுத்த வருடம் அவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பிறகு படுக்கைதான். அவள்தான் கழுவினாள், துடைத்தாள், ஊட்டினாள். ஊட்டும்போது சூடு போதவில்லை என்று கோப்பையைத் தட்டிவிடுவாராம். அண்ணை ஒருநாள், "விட்டிட்டு வாங்கோ அக்கா, சனியனை. இஞ்சை வேலை இருக்கு," என்றார். அவள், "விசாவுக்கு அவரு கையெழுத்து வேணும்," என்றாள்.

இந்தப் பெண் என் வீட்டில்தான் வசிக்கிறாள் என்று அவர் ஒரு தாளில் எழுதித் தந்தால், வதிவிட அனுமதி கொடுக்கிற அரசு அலுவலகமான பிரெபெக்தூரில் விண்ணப்பம் கொடுக்கலாம். அவர் தரவில்லை. ஒவ்வொரு முறையும், "பாக்கலாம். நாள் இருக்கு," என்றாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. கடைசியில், பிரெபெக்தூரில் அவளுக்குக் கொடுத்திருந்த நாளுக்குச் சில கிழமைகள் முன்பு, எழுதித் தந்தார். ஏன் மனம் மாறினார் என்று அவளுக்கும் தெரியவில்லை. அன்று அவர் தன்னுடைய அம்மாவின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதாகச் சொன்னாள். ஆள் மாறித்தான் எழுதிக்கொடுத்தாரோ என்னவோ.

பிரெபெக்தூருக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். மகன்மார் அன்றே வந்துவிட்டார்கள். மறுநாள் காலை, பிணம் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்க, அக்கா முழுகிச் சேலை உடுத்துக்கொண்டு பிரெபெக்தூருக்குப் போனாள். இப்போதும் இவரோடுதானா இருக்கிறீர்கள் என்று அங்கே இருந்த பெண் கேட்டாளாம். அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. நேற்றுச் செத்துவிட்டார் என்றாள். அப்படியென்றால் வேறு விலாசம் கொண்டுவாருங்கள், புதிதாக நாள் எடுங்கள் என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அவளுடைய பெட்டி கட்டட வாசலில், தபால் பெட்டிகளுக்குக் கீழே இருந்தது. பெரிய மகன் கீழே இறங்கி வந்து சாவியை வாங்கிக்கொண்டான். சொந்தப் பெரியப்பா மகளிடம், "மெர்சி, மதாம்," என்று கை குலுக்கினான்.

பெட்டியோடு கடைக்கு வந்தாள். நான் அவளைப் பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். எட்டாம் நாள், அண்ணை தயங்கித் தயங்கி, ஏதாவது செய்ய வேண்டுமா, ஒரு படையலாவது வைப்போமா என்று கேட்டார். தன் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்ய முடியாதவர் கேட்கிறார். "வேணாம்," என்றாள் அக்கா. "எனக்கு வேலை இருக்கு." பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

அங்கே யார் வாக்களிக்கலாம் என்ற சட்டத்தைப் பாரிசில் மாற்றப் போனதில், 2024 வைகாசியில் நூமேயா எரிந்தது. கடைகள், வாகனங்கள், தெருத் தடைகள். ஆட்களும் செத்தார்கள். அண்ணை கைபேசியில் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கே திருப்பிக் கேட்டிருந்தா இவ்வளவு நடந்திராது. இனியாவது கேக்க வேணும். என்ன அக்கா?"

அவள் ஓம் சொல்வாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"கேக்கறது யாரு அண்ணே? பிரான்சுக்காரங்கதானே. எப்பக் கேக்கணும்னு அவங்க சொல்லுவாங்க, யாரைக் கேக்கணும்னு அவங்க சொல்லுவாங்க. நாலாவது தடவையும் எவன் வீட்லயாவது சாவு விழும்."

"அப்ப கேக்கவே வேண்டாமோ?"

"கேக்கட்டும். நானா இருந்தா போகமாட்டேன்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கல்லாவுக்கு மேலே தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தேன். பிரெபெக்தூரில் மறுபடியும் அவளுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. அதற்கு அவள் போவாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.