மரவள்ளிக் கலியாணம்

மரவள்ளிக்கிழங்கு உரிக்கும்போது மட்டும் லாணியக்கா வாய் திறப்பதில்லை. மற்ற எந்த வேலையும் ஏச்சில்லாமல் நடந்ததாக ஸ்கந்தபுரத்தில் யாரும் கண்டதில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளும் துலா கிறீச்சிட்டால் துலாவுக்கு ஏச்சு. வாய்க்காலில் தண்ணீர் பிந்தினால் வாய்க்காலுக்கு, அதைத் திறக்க வேண்டியவனுக்கு, அவனைப் பெற்றவளுக்கு. அடுப்புப் புகைந்தால், "கோதாரி விழுந்த விறகு, உன்னை வெட்டினவன்ர கை..." என்று தொடங்குவாள். விறகு பற்றிக்கொண்டால் மிச்ச ஏச்சைப் பூனைக்குக் கொடுப்பாள்.

கிழங்கைக் கையில் எடுத்தால் ஆள் வேறு. குந்தியிருந்து, கத்தியால் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டு, பெருவிரலை உள்ளே கொடுத்துத் தோலை முழுசாகக் கழற்றுவாள். அந்த நேரம் வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் தலையைத்தான் ஆட்டுவாள்.

உண்மைப் பெயர் ஆ லான். மலாயாவில், தைப்பிங்கில், வாத்து வளர்த்து விற்ற சீனரின் மகள். அங்கே புகையிரத வேலைக்குப் போன கனகலிங்கம் அவளைக் கட்டி, உலக யுத்தம் முடிந்தபின் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிவந்தார். சொந்தக்காரர் முற்றத்தோடு நிறுத்திவிட்டார்கள். கிணற்றைத் தொடவும் விடவில்லை. பயணம் செய்த களைப்புத் தீர ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க மனமில்லாத மனுசர்! அன்றைக்கே குழந்தை நேசமலரைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்கள், பிறகு அரசாங்கம் காடு வெட்டிக் குடியேற்றிய இந்த மண்ணில் ஒரு துண்டுக் காணி எடுத்து அக்கராயன் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்தார்கள்.

தமிழை அவள் வயல் வரம்பில் நின்று படித்தாள். நாற்று நட வந்த பெண்களே வாத்தியார்மார் என்றபடியால் ஏச்சும் சேர்ந்தே வந்துவிட்டது. புருசனை வழக்கமாக "நீங்கள்" என்பாள். ஆத்திரம் ஏறினால் அது "நீர்" ஆகிவிடும். கொஞ்சுவதெல்லாம் வாத்துக்களை மட்டும், அதுவும் சீனத்தில். பனையோலையில் தானே இழைத்த அகலத் தொப்பி, கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய சேலை, கனகலிங்கத்தின் பார் போட்ட சைக்கிள். முதல் நாள் அந்தக் கோலத்தில் அவள் கிளிநொச்சிச் சந்தைக்குப் போனதைப் பார்த்து ஊர் கைதட்டிச் சிரித்தது. "சிரிச்சு முடிஞ்சால் வழியை விடுங்கோவன், வேலை இருக்கு" என்று மணியடித்துக்கொண்டு போனாள்.

சாம்பலும் உப்பும் களிமண்ணும் குழைத்து வாத்து முட்டையை மூடிச் சாடியில் ஊறப்போடுவது அவளுடைய கைத்தொழில். ஊறிய முட்டையை முல்லைத்தீவில் இருந்து வரும் பக்கீர் வாங்கிப்போவார். விலை பேசும் சத்தம் வாய்க்காலுக்கு அப்பாலும் கேட்கும். "அக்கா, நான் பிள்ளைகுட்டிக்காரன்" என்பார் பக்கீர். "என்ர வாத்துக்குக் குட்டியில்லையோ?" என்பாள் இவள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தோசம்.

இப்படிப்பட்டவளுக்கு வருசத்தில் ஒரு பெரிய கோபம் உண்டு. அது சித்திரை மாதத்தில் தபாலில் வரும். கனகலிங்கத்தின் பென்சன் மலாயாவில் இருந்து வருகிறது. அதற்கு வரியும் அங்கேதான். கடல் கடந்து இருந்தாலும் வருசா வருசம் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். மனைவி இருந்தால் வரியில் கொஞ்சம் கழிப்பார்கள். கனகலிங்கம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்து கேள்வியை ஒவ்வொன்றாக வாசிப்பார். அவள் குசினிக்குள் இருந்து பதில் சொல்வாள்.

"மனைவியின் பெயர்?"

"ஏன், மறந்து போச்சுதோ?"

"மனைவி பிறந்த நாடு?"

"பிறந்த நாட்டைத்தான் கேப்பினம். வந்த நாட்டில முற்றத்தில நிறுத்தினவையைப் பற்றிக் கேக்கமாட்டினமோ? அதையும் எழுதுங்கோ!"

"மனைவி கணவருடன் வாழ்கிறாரா?"

"இந்த மனுசனோட ஒரு நாள் வந்து இருந்து பாக்கச் சொல்லுங்கோ. பிறகு ஒரு வரியும் கேக்கமாட்டினம்."

போன வருசம் படிவத்தோடு ஒரு துண்டுக் கடிதமும் வந்தது. புதிதாக வந்த அதிகாரி யாரோ பழைய கோப்பைக் கிளறியிருக்க வேண்டும். கலியாணப் பதிவுப் பத்திரம் அனுப்பு. பத்திரம் இல்லாவிட்டால் உள்ளூர் அதிகாரி ஒருவரின் உறுதிக் கடிதம் அனுப்பு. இரண்டும் இல்லாவிட்டால் மனைவிக்கென்று கழிப்பது கிடையாது, இதுவரை கழித்ததையும் திருப்பிக் கட்டு. கேட்டதும் அவள் அகப்பையோடு வெளியே வந்தாள். "கண்டறியாத சட்டம்! இவ்வளவு காலமும் நான் ஆராம் இந்த வீட்டில? வேலைக்காரியோ?"

பத்திரம் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. அவர்கள் கட்டியது ஜப்பான்காரன் காலத்தில். பதிவு செய்யும் கந்தோரெல்லாம் பூட்டிக் கிடந்தது; கோவில் ஐயர் எங்கே போனார் என்று தெரியாது. கனகலிங்கம் சாப்பாட்டுக்கு இருந்த வீட்டுக்காரி அன்னபாக்கியம் என்ற யாழ்ப்பாணத்து மனுசிதான் வழி சொன்னது. "எங்கட பக்கத்தில வசதியில்லாத சனம் சோறு குடுத்துத்தான் கட்டுறது. பொம்பிளை தன்ர கையால போட, மாப்பிள்ளை சபையில இருந்து சாப்பிட்டால் கலியாணம் முடிஞ்சுது." அரிசியைக் கண்ணால் கண்டு மாதக்கணக்கு. வேலியோரம் நின்ற மரவள்ளியைப் பிடுங்கினார்கள். "பொம்பிளை இண்டைக்குக் கதைக்கக்கூடாது, பிள்ளை" என்று அன்னபாக்கியம் சொல்ல, தமிழ் தெரியாத பெண் சைகையில் அதை விளங்கிக்கொண்டு, வாய் மூடி உரித்து, அவித்து, இலையில் வைத்தாள். அவர் சாப்பிட்டார். அன்னபாக்கியம் அந்த மண்ணிலேயே செத்துப்போனாள். வேறு சாட்சி கிடையாது.

அப்படியென்றால் ஊர் அதிகாரியான விதானையாரின் கடிதம்தான் கதி. விதானையார் அப்புத்துரை நல்ல வசதியான மனுசன். அவரும் மனைவி சிவனேஸ்வரி போட்ட சோற்றைச் சாப்பிட்டுத்தான் கட்டியவர். எழுத்து, பதிவு ஒன்றும் இல்லை. இந்தக் குடியேற்றத்தில் பாதிப் பேரின் கதை அதுதான். ஆனால் இத்தனை வருசத்தில் லாணியக்கா வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்காதவர் அவர். கேட்கப் போனவர்களை நிற்க வைத்தே கதைத்தார்.

"கனகலிங்கம், நான் பொய் எழுதேலாது. சோறு குடுத்தால் கலியாணம், அது சரி. இது கிழங்கெண்டெல்லோ சொல்லுறீர்?"

"அப்ப ஊரிலேயே அரிசி இல்லை, விதானையார்."

"அதுக்கு நான் என்ன செய்ய? கிழங்கு கலியாணத்தில சேராது."

"சிவனேஸ்வரியக்காவுக்கு எங்க எழுத்து? அதைக் காட்டுங்கோ பாப்பம்!" என்று வெடித்தாள் லாணியக்கா.

"அது வேற. நாங்கள் ஊர்ச்சனம்" என்றார் அவர். என்ன திமிர் பாருங்கள்! தான் தின்றது சோறாம், அடுத்தவன் தின்றது வெறும் கிழங்காம். போகும்போது கனகலிங்கத்தின் காதில், "பதிவுகாரரிட்டப் போய் இப்ப எழுதிப்போடுமன். லேசான வேலை" என்று ஒரு புத்தியும் சொல்லி அனுப்பினார்.

கனகலிங்கம் நல்ல மனுசன்தான். ஆனால் கந்தோர்க் கடிதத்தைக் கண்டால் அவருக்கு முதுகெலும்பு கழன்றுவிடும். வெள்ளைக்கார அதிகாரிக்கு முன்னால் "ஓம், சேர்" சொல்லிப் பழகிய வாய். கந்தோரில் ஒரு கடிதத் துண்டு எடுக்க வேணும் என்று மட்டும் மனைவிக்குச் சொல்லி, பஸ்ஸில் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போனார். அவளும் நல்ல சேலை உடுத்து, தொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள்.

பதிவுகாரர் புத்தகத்தைத் திறந்து, பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு கேட்டார். "இரண்டு பேருக்கும் இதுக்கு முந்திக் கலியாணம் நடந்ததோ?"

கனகலிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "இல்லை" என்றார்.

அவள் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. "என்ன சொன்னனீர்?"

"இது சும்மா எழுத்துக்குத்தானப்பா..."

"இண்டைக்குத்தான் கலியாணமெண்டால் நேசமலர் எப்ப பிறந்தவள்? அவளுக்கு நாளைக்கு ஒரு சம்பந்தம் வந்தால் உந்தப் புத்தகத்தை விரிச்சே காட்டுவீர்? அண்டைக்கு நான் போட்டதைத் தின்னேல்லையோ நீர்? சொல்லும்! வாய் எங்க போச்சுது?"

அவர் குனிந்து, விழுந்த கதிரையை நிமிர்த்தினார். அவள் பஸ்ஸுக்கும் நிற்கவில்லை. தலைக்கு ஒன்றும் இல்லாமல் அந்த வெயிலில் அக்கராயன் வீதியில் நடந்தே வீடு வந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஏச்சு நின்றுபோனது. சமைத்தாள், பானையை மூடி வைத்தாள், போனாள். துலா கிறீச்சிட்டது, ஒருவரும் அதை ஏசவில்லை. வாத்துக்களுக்குக் கூட ஒரு சொல் இல்லை. நேசமலர் தாயையும் தகப்பனையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். முட்டைக்கு வந்த பக்கீர், கேட்ட விலைக்கே சாடியைத் தூக்கிக் கொடுத்ததும் பயந்துபோனார். "அக்கா, ரெண்டு ஏச்சு ஏசுங்கோவன். களவெடுத்துக்கொண்டு போற மாதிரிக் கிடக்கு" என்றார். அவள் உள்ளே போய்விட்டாள். அடிபட்டால் கத்துகிற மனுசி அவள். இந்த அடி கத்தலுக்குள்ளும் அடங்கவில்லை.

அந்தக் கிழமையில்தான் சிறுபோகத்துக்குத் தண்ணீர் முறை பிரிக்கும் கூட்டம் விதானையார் முற்றத்தில் நடந்தது. ஆண்கள் எல்லாரும் பாயில் இருந்தார்கள். கனகலிங்கம் ஓரமாக, யார் முகத்தையும் பார்க்காமல். படலைக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டது. லாணியக்கா தொப்பியோடு உள்ளே வந்தாள். கரியரில் துணியால் கட்டிய பானை, கையில் கழுவிய வாழையிலை. பெண்கள் வராத கூட்டம் அது. இருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். குசினி வாசலில் சிவனேஸ்வரி வந்து நின்றாள்.

புருசனுக்கு முன்னால் ஒரு இலையைப் போட்டு, ஆவி பறக்கும் மரவள்ளிக்கிழங்கை வைத்தாள். பக்கத்தில் உப்பு, கொஞ்சம் சம்பல். பிறகு நிமிர்ந்தாள்.

"நான் இண்டைக்குக் கலியாணம் கட்ட வரேல்லை. அது எப்பவோ முடிஞ்சுது. தைப்பிங்கில, அன்னபாக்கியமக்கா பாத்துக்கொண்டு நிக்க, நான் இதைத்தான் போட்டனான். இவர் திண்டவரோ இல்லையோ எண்டு இவற்ற வாயால கேளுங்கோ. எல்லாரும் கேளுங்கோ."

கனகலிங்கம் இலையைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு துண்டைப் பிட்டு உப்பில் தொட்டு வாயில் போட்டார். மென்றார். விதானையாரை நேரே பார்த்தார்.

"திண்டனான். அண்டைக்கு எங்களுக்குச் சோறு இதுதான். பதிவுகாரரிட்ட நான் சொன்னது பொய். வரியைக் கூட்டிக் கேட்டால் கட்டுறன், பழசையும் கட்டுறன். இவ என்ர மனுசி இல்லையெண்டு இனி ஒரு கந்தோருக்கும் சொல்லமாட்டன்."

சொல்லிக்கொண்டே அடுத்த துண்டை அவசரமாக வாயில் போட்டார். அது சுட்டு, தொண்டையில் அடைத்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆறவிட்டுத் தின்னத் தெரியாதோ, விசர் மனுசன்! ஆரும் பறிச்சுக்கொண்டு போறாங்களே? தண்ணியைக் குடியுங்கோ, விக்கிச் சாகப்போறியள்!"

பாயில் யாரோ சிரித்துவிட்டார்கள். லாணியக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்னொரு இலையை எடுத்துத் தண்ணீரை உதறி விதானையாருக்கு முன்னால் போட்டாள். பானைக்குள் கைவிட்டு, இருந்ததில் பெரிய கிழங்காகப் பார்த்து வைத்தாள். உப்பை வைத்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு நேர் எதிரே குந்தி, அவர் கையையே பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.