பிளேட் ரூம் கணினியில் ஒரு பொட்டு

எங்கள் அச்சகத்தின் பிளேட் ரூமில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதன் பெட்டியில், பவர் பட்டனுக்கு இரண்டு விரற்கடை மேலே, ஒரு பொட்டு. நான்கு வருடங்கள் ஆகிவிட்டன. சந்தனம் எப்போதோ உதிர்ந்துபோய், குங்குமம் மட்டும் பிளாஸ்டிக்கில் ஊறிக் காவியேறி நிற்கிறது. அறையைத் துடைக்க வரும் பெண் ஈரத்துணியோடு அதன் பக்கம் போனால் வேண்டாம் என்று தடுத்துவிடுவேன். சாருக்கு சாமி பக்தி அதிகம் என்று அவள் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். என் பக்தியின் லட்சணம் எனக்குத்தான் தெரியும்.

அந்தப் பொட்டை வைத்தவர் பிளேட் ரூம் அக்கா. எல்லோருக்கும் அவர் அக்காதான், முதலாளிக்கு மட்டும் 'ஏம்மா'. விஸ்வநத்தத்திலிருந்து சைக்கிளில் வருவார். பட்டாசு லேபிளோ காலண்டரோ எதுவாக இருந்தாலும், கணினியில் உள்ள படம் முதலில் அலுமினியத் தகட்டில் ஏற வேண்டும். அந்தத் தகடு இல்லாமல் அச்சு எந்திரம் ஓடாது. தகடு எடுக்கும் மிஷினும் அதனோடு பிணைத்த இந்தக் கணினியும் அக்காவின் பொறுப்பில் இருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் கரண்ட்டை இறக்கிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவரை விடவேயில்லை. பிளேட் ரூமிலும் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் மிஷினைத் தொடுவார். "இங்கன என்னக்கா வெடிக்கப் போகுது?" என்று நான் கேலி செய்வேன். "வெடிக்காதுன்னு நினைக்கிற இடத்துலதான் தம்பி வெடிக்கும்" என்பார். அத்தனை கவனமான கையைத்தான் கவனமில்லாத கை என்று ஊர் நம்பும்படி விட்டேன்.

நான் அந்த அச்சகத்தின் கணினிப் பொறுப்பாளன். விருதுநகரிலிருந்து தினமும் ஆமத்தூர் வழியாக பஸ்ஸில் வந்து போகிறவன். மொத்தம் நாற்பத்திரண்டு கணினிகள். நான்கு வருடங்களுக்கு முன்புவரை அப்டேட் போடுவது கைவேலைதான். வேலை இல்லாத நாளில் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து போட்டு, ஓடுகிறதா என்று பார்த்து எழுந்திருப்பேன். அந்த வருடம் முதலாளியிடம் பேசி எல்லாவற்றையும் கிளவுட் சேவைக்கு மாற்றினேன். இனி அப்டேட் எங்கிருந்தோ தானாக வரும், தானாக ஏறும். நான் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஏறிய கணினிக்குப் பச்சை, ஏறாததற்குச் சிவப்பு. முதலாளியிடம் காட்ட எனக்கு நாற்பத்திரண்டு பச்சை வேண்டியிருந்தது.

அக்கா மட்டும் தடுத்தார். "தம்பி, எல்லாத்தையும் மாத்துங்க, இதை மட்டும் விட்டுருங்க. முன்ன ஒரு தடவை புதுசு போட்டப்பயே மிஷின் இதோட பேச மாட்டேன்னுருச்சு. பக்கத்துல ஆளு இல்லாம இதுக்கு எதுவும் போடாதீக." நான் தலையாட்டினேன். ஒரு கணினியை மட்டும் பட்டியலிலிருந்து விலக்கி வைப்பது இரண்டு நிமிட வேலை. நான் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. நாற்பத்தொன்று என்றால் அழகாக இருக்காது என்று நினைத்தேன்.

அதைவிடப் பெரிய மடத்தனம் நாள் குறித்ததில். விடுமுறை நாளில் கணினிகள் சும்மா இருக்கும், அன்று ஏற்றுங்கள் என்று அந்தச் சேவையின் வழிகாட்டிக் குறிப்பில் இருந்தது. ஆயுத பூஜையைத் தேர்ந்தெடுத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் ஏறியாக வேண்டும், தவறினால் அடுத்து ஆன் செய்தவுடன் கட்டாயமாக ஏறும் என்று கெடுவும் வைத்தேன். ஆயுத பூஜையன்று இந்த ஊரில் எந்த எந்திரமாவது விழித்திருக்குமா? முந்தின நாளே கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். என் வீட்டிலேயே அன்று கத்தரிக்கோலைக்கூட எடுக்க விடமாட்டார்கள். பிறந்ததிலிருந்து தெரிந்ததை ஒரு படிவத்தை நிரப்பும்போது தொலைத்துவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. முதல் தகடு பிள்ளையார் படம், அதுதான் வழக்கம். அக்கா குளித்துப் பூவைத்து வந்து, ஜன்னல் கம்பியைத் தொட்டு, கணினியை ஆன் செய்தார். கொஞ்ச நேரத்தில் கட்டடம் முழுக்க நாற்பத்திரண்டு திரைகளும் நீலமாகி, அணைக்காதீர்கள் என்றன. அப்புறம் நாற்பத்தொன்று எழுந்து வேலைக்கு வந்துவிட்டன. இதுவும் எழுந்தது. ஆனால் தகடு மிஷினை அதற்கு அடையாளம் தெரியவில்லை. தீபாவளி சீசன், லேபிளுக்காகப் பட்டாசு ஆலையில் பெட்டிகள் காத்திருந்தன, லோடு ஏற்ற லாரி நின்றது. முதலாளி பிளேட் ரூம் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மதியத்துக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. மிஷினோடு பேசுகிற பழைய மென்பொருளை அப்டேட் தூக்கிவிட்டுப் புதியதை வைத்திருந்தது. சொல்லியிருக்கலாம். வாயைத் திறப்பதற்குள் மதுரையிலிருந்து மிஷின் மெக்கானிக் வந்துவிட்டார். கணினிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டுத் துளைகளில் பூஜைக்கு அக்கா பூசிய சந்தனம் காய்ந்து கிடந்தது. "என்னங்க இது, காத்துப் போற வழியையே பூசி அடைச்சிருக்கீங்க" என்றார். பிரஷ்ஷால் சுரண்டித் துப்புரவு செய்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த இடைவெளியில் நான் உட்கார்ந்து பழைய மென்பொருளைத் திரும்ப வைத்தேன். அவர் வந்து பட்டனை அழுத்தினார். மிஷின் ஓடியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பனையை உலுக்கியவன் பக்கத்திலேயே கைகட்டி நின்றான்.

"ஏம்மா, பூசை பண்றேன்னு மிஷினையே சாகடிக்கப் பாத்தியே" என்றார் முதலாளி, எல்லோர் முன்னிலும். அக்கா என்னைப் பார்த்தார். கணினி விஷயத்தில் விவரம் தெரிந்தவன் நான் ஒருவன்தான், சந்தனத்தால் இப்படி ஆகுமா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் கேபிளைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, குனிந்தால் போதும்.

மறுநாளே அக்காவை லேபிள் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். 'கணினிகளுக்குச் சந்தனம், குங்குமம் இடக் கூடாது' என்று ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொன்னார் முதலாளி. தட்டச்சு செய்து கதவில் ஒட்டியவன் நானேதான். அக்கா தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போவார். அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். பொங்கலுக்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

சென்ற வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் சாத்தூருக்கு ஒரு வேலையாகப் போனேன். பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடையில் அக்கா நின்றிருந்தார். "வாங்க தம்பி, நல்லாருக்கீகளா? சாப்பிட்டீகளா?" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல. பக்கத்து டீக்கடை பாய்லர், எதிரே நின்ற ஆட்டோ எல்லாவற்றிலும் பொட்டு காயாமல் இருந்தது. ஜெராக்ஸ் மிஷின் மட்டும் வெறும் நெற்றியோடு நின்றது. கேட்டேன்.

"ஓனரு வைக்கத்தான் சொன்னாரு. நாந்தான் மாட்டேன்னுட்டேன். மகன் வண்டி வாங்கினான், அதுக்கும் வைக்கல. என் கைராசி அம்புட்டுத்தேன். அன்னிக்கு என்னால உங்களுக்கும் எம்புட்டு அலைச்சல்!"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா நகல் எடுத்த தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே கேட்டார். முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"அப்ப சந்தனம் இல்லையா?"

"இல்லக்கா."

தாள்களை மறுபடி அடுக்கினார். "முதலாளிகிட்ட சொன்னீகளா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"என்கிட்ட சொல்லி என்ன தம்பி? என்னைய ஏசினது அவுகதானே."

மறுநாள் காலையில் முதலாளியின் அறைக்குள் போனேன். வேலை போகும் என்று முடிவுகட்டித்தான் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு காலண்டர் மாதிரியின் நிறத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியா? சரி, விடுங்க தம்பி, பழைய கதை. அந்த நோட்டீஸ் இருந்துட்டுப் போகட்டும், தூசி சேராம இருக்கும்ல" என்றார். அவ்வளவுதான். திட்டுகூட இல்லை. இந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான் ஒரு பெண்ணைத் தன் கையையே நம்பாதவளாக ஆக்கி வைத்திருந்தேன்.

ஜெராக்ஸ் கடைக்குப் போன் செய்தேன். "சொல்லிட்டேன்க்கா."

"என்ன சொன்னாக?"

விடுங்க என்றார் என்று எப்படிச் சொல்வது? "ரொம்ப வருத்தப்பட்டாரு அக்கா. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு" என்றேன்.

அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா மூக்கை உறிஞ்சினார். "அது போதும் தம்பி. அவுக வாயால வந்துச்சுல்ல, அது போதும். இன்னிக்கே பையன் வண்டிக்கு ஒரு பொட்டு வச்சு விட்ருதேன்."

இப்போது அந்தக் கணினியைப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டேன். என் திரையில் நாற்பத்தொன்று பச்சையாக இருக்கின்றன. தினமும் காலையில் பிளேட் ரூமுக்குப் போகிறேன், நானும் இப்போது ஜன்னல் கம்பியைத் தொடுகிறேன். கதவில் நான் ஒட்டிய நோட்டீஸ், உள்ளே அக்கா வைத்த பொட்டு, இரண்டுமே அப்படியே இருக்கின்றன. அக்கா அந்த மன்னிப்பை நம்பிக்கொண்டு சாத்தூரில் இருக்கிறார்.