பூனாகலையில் தொட்டில் ஆட்டிய ஞாயிறு

சனிக்கிழமை, விடியற்காலை நான்கு மணி. பதுளைக் கடைவீதியில் மாட்டுவண்டி ஏறிவிட்டேன்! போகுமிடம் பூனாகலைத் தேயிலைத் தோட்டம். உண்மையில் பிரசங்கத்துக்குப் போகவேண்டியவர் எங்கள் கிறிஸ்தவக் கோயில் உபதேசியார். அவருக்குக் குளிர்காய்ச்சல். "நீ போய் நாலு வார்த்தை பேசிட்டு வா" என்று என்னைத் தள்ளிவிட்டார். நானோ தையற்காரன், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். குடை எடுத்தேனா, வேதப்புத்தகத்துக்கு மெழுகுத்துணி சுற்றினேனா, அட்டைக் கடிக்குச் சவுக்காரம் வைத்தேனா என்று ஆலிஎல தாண்டுவதற்குள் மூட்டையை எத்தனையோ தடவை அவிழ்த்துப் பார்த்துவிட்டேன்.

இதையெல்லாம் விடப் பெரிய கவலை ஞானம்மாள். அந்தத் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் வேதக்காரர் வீடு அவளுடையது ஒன்றுதான். போன மாதம் பதுளைக்கு நடந்தே வந்து, "யாராவது ஒருத்தர் வாங்கய்யா. ஒனக்குன்னு ஒரு நாதி கெடயாதான்னு லயத்துல கேலி பண்ணுறாங்க" என்று கோயில் வாசலில் நின்று அழுதாள். நான் போய்த் திக்கித் திணறினால் போவது என் மானமல்ல, அவளுடைய மானம்.

ஆகையால் பிரசங்கத்தை முணுமுணுத்தபடியே போனேன். வண்டிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, ஏறுனதுலேருந்து வாய்க்குள்ளயே பேசிக்கிட்டு வாறீங்க? மந்திரமா?"

"பிரசங்கமப்பா. மறந்துடுமோன்னு பயமா இருக்கு."

"என் மாட்டுக்கிட்ட சொல்லிப் பாருங்க. அது தலைய ஆட்டுனா லயத்துச் சனமும் ஆட்டும்."

சொல்லிப் பார்த்தேன். மாடு வாலைத்தான் ஆட்டியது.

மாலை ஐந்து மணிக்குப் பண்டாரவளை. பதினெட்டு மைல், வண்டிக்கூலி எழுபத்தைந்து சதம். ரயில் இந்த ஊரோடு நின்றுவிடுகிறது. பதுளைக்கு இன்னும் வரவில்லை. நான் ரயிலை அதுவரை கண்டதில்லை. கரும்புகை கக்கிக்கொண்டு அது வந்து நின்றபோது, பிள்ளையைப்போல வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன்!

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினேன். பூனாகலைக்கு ஏழெட்டு மைல். பனி விலக விலக மலை மலையாகத் தேயிலை. பச்சை விரிப்பை மடித்து மடித்துத் தைத்ததுபோல இருந்தது. கால்வலிகூடத் தெரியவில்லை. ஒன்பதரைக்கு லயத்தை அடைந்தேன். ஆளே இல்லை! வரிசை வீடுகள் அத்தனையும் சாத்திக் கிடந்தன. நாய் ஒன்றுதான் என்னைப் பார்த்துக் குரைத்தது.

கங்காணி எதிரே வந்தார். "பிரசங்கமா? இன்னிக்கா? கொழுந்து முத்திப்போகுதுன்னு தொரை ஞாயித்துக்கிழமையும் பெரட்டு போட்டு, ஆளெண்ணி வேலைக்கு அனுப்பிட்டாரு. எல்லாம் மலையில நிக்குது. சாயங்காலம் பாத்துக்கலாம், போங்க."

ஞாயிறு என்றால் உலகமே ஓய்ந்திருக்கும் என்று கோயிலில் இருந்துகொண்டு நினைத்திருந்தோம் நாங்கள். கைகால் ஓடாமல் நின்றேன். அப்போது பிள்ளைக்காம்பராவிலிருந்து ஒரே அழுகை. தாய்மார் மலையேறும்போது குழந்தைகளை விட்டுப்போகும் தகரக் கொட்டகை அது. எட்டிப் பார்த்தேன். கூரை மரத்தில் வரிசையாகத் துணித் தொட்டில்கள். பிள்ளை பார்க்கும் ஆயாவின் கையில் காலையில்தான் கஞ்சி கொட்டி வெந்திருந்தது.

"என்னத்த வேடிக்க பாக்குறீங்க? கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? வந்து ஆட்டுங்க!" என்று போட்டாள் ஒரு அதட்டு.

கோட்டைக் கழற்றிவிட்டு ஆட்டினேன். ஒன்று தூங்கினால் இன்னொன்று விழித்தது. கடைசித் தொட்டிலில் இருந்த பையனுக்கு வயிற்றுப்போக்கு. தூக்கிக் கழுவி, என் தோள்துண்டில் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டேன். வேட்டி நாசம்! தாலாட்டு ஒன்றும் எனக்குத் தெரியாது. மனப்பாடம் செய்த பிரசங்கத்தையே ராகம் போட்டு இழுத்தேன். மாடு கேட்காததைப் பிள்ளைகள் கேட்டன!

பன்னிரண்டு மணிக்குப் பால் கொடுக்கத் தாய்மார் ஓடிவந்தார்கள். என்னைக் கண்டதும் சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. கறுப்பாயி என்பவள்தான் முந்திக்கொண்டாள்.

"அடி ஞானம்மா, ஒங்க உபதேசியாரு வந்துட்டாருடி! தொட்டிலாட்டுறாரு!"

ஞானம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு உயிரே போயிற்று. இதற்காகவா அவள் அழுது கூப்பிட்டாள்?

அப்போதுதான் கறுப்பாயி என் தோளில் தூங்குவது தன் பிள்ளை என்று கண்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயா, அவன் கழிஞ்சிருப்பானே... யாரு கழுவுனா?"

"நான்தாம்மா."

"டவுனு ஆளுங்க எங்க புள்ளைங்கள தொடமாட்டாங்களேய்யா!" என்றாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

மாலை ஆறு மணி. ஞானம்மாள் வீட்டு வாசலில் சாக்கு விரித்திருந்தது. இரண்டொருவர் வந்தால் போதும் என்றிருந்தேன். லயமே வந்து உட்கார்ந்தது! எழுந்தேன். அத்தனையும் மறந்துபோயிற்று! ஞானம்மாளைப் பார்த்தேன், அவள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

"காலையில என் புள்ளைக்கு ஏதோ பாடுனீங்களாமே, ஆயா சொன்னா. அதையே சொல்லுங்க" என்றாள் கறுப்பாயி.

சொன்னேன். நிறைமாதக்காரி ஒருத்தி ஊர் விட்டு ஊர் நடந்து வந்தாள். தங்க இடம் கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளையை மாடு தீனி தின்னும் தொட்டியில் கிடத்தினாள். அந்தப் பிள்ளைதான் எங்கள் ஆண்டவர் என்றேன்.

"எங்காத்தா இந்தியாவுலேருந்து நடந்து வாறப்ப என்னைய மன்னாரு பாதையிலதான் பெத்தா, ஒரு மரத்தடியில" என்றாள் கறுப்பாயி மெதுவாக. "அப்ப அந்தம்மாவும் நம்மள மாதிரி நடந்து வந்தவதானா?"

"ஆமாம்மா."

"அப்பறம் என்னாச்சு? சொல்லுங்க."

விளக்கில் எண்ணெய் தீரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்தரை. பெரட்டுக்குப் போகிறவர்களோடு நானும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஞானம்மாள் அடுப்படியில் எனக்கு ரொட்டி கட்டிக்கொண்டிருந்தாள். லயத்துக் கோடியிலிருந்து கறுப்பாயியின் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது:

"அடி ஞானம்மா, வெரசா வாடி! ஒங்கண்ணன் ஊருக்குக் கெளம்பிட்டாரு!"

நாதி இல்லாதவள் என்று கேலி செய்த அதே லயத்து வாய்! ஞானம்மாள் ரொட்டிப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள். இந்தத் தடவை முகத்தை மூடவில்லை.

பதுளையில் பல வருடமாக ஒரே வீதியில் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு தவறாமல் கோயிலில் முன்வரிசை. அடுத்த கடைக்காரர் பிள்ளை அழுதால் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பேனே தவிர, எழுந்து போய்ப் பார்த்ததில்லை. வண்டி ஆலிஎல தாண்டும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மூட்டையை ஒரு தடவைகூட அவிழ்த்துப் பார்க்கவில்லை.