இரண்டு மஞ்சளுக்கு நடுவே ஒரு கதவு

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. கடைசியாக வருகிறவரைத் தனியாக விட மாட்டார்கள். ஓடி முடித்த அத்தனை பேரும் திரும்பி வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு கைதட்டியபடி கூட்டிப்போவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடைசி ஆள் ஞாயிறு தவறாமல் நான்தான். முடிச்சூர் சாலையில் டீ குடிக்கிறவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க, மூச்சிரைத்துக்கொண்டு நடுவில் நான் மாப்பிள்ளை ஊர்வலம் போக வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் குழுதான், வீடில்லாத பெண்கள் தங்கும் காப்பகம் ஒன்றுக்குப் பெயின்ட் அடித்து அலங்கரித்துத் தருவதாக ஒப்புக்கொண்டது. "ஒரே நாள்ல முடிச்சிடலாம் டீச்சர்," என்றார் எங்கள் கேப்டன். வங்கி அதிகாரி. பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

காப்பகத்தில் நீளமான ஒரு கூடம், சுவரோரம் கட்டில்கள். நடுக்கட்டில் ஒரு அக்காவுடையது. ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்தவர். வேலை போய், வாடகை கொடுக்க முடியாமல், தாம்பரம் ஸ்டேஷனில் கொஞ்ச காலம் படுத்திருந்தவர். மகள் படப்பையில் தங்கி கம்பெனி வேலைக்குப் போகிறாள். அம்மா இருக்கும் இடத்துக்கு வரவே மாட்டேன் என்றிருந்தவள், அன்று சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"நல்லா அடிங்கம்மா," என்று அக்கா காலையிலிருந்து எங்கள் பின்னாலேயே சுற்றினார். "பாத்தா வூடு மாதிரி இருக்கணும். இல்லாங்காட்டி அது அப்டியே திரும்பிப் பூடும்."

ஓடுகிறவர்களிடம் சுவரைக் கொடுத்தால் என்ன ஆகும்? பந்தயம்தான். இரண்டு அணியாகப் பிரிந்து, அணிக்கொரு வாளியில் மஞ்சள் கலந்துகொண்டு, சுவரின் இரண்டு முனையிலிருந்தும் ஆரம்பித்தோம். ஒரே கூச்சல், விசில். நடுவில் சந்தித்தபோது என் அணிதான் ஜெயித்தது. என் வாழ்க்கையில் முதல் தடவை! துள்ளிக் குதித்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன்.

ஐயோ ஏசப்பா! இந்தப் பக்கம் வெண்ணெய் நிறம், அந்தப் பக்கம் சாம்பார் நிறம். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றது சரியாக அக்காவின் கட்டிலுக்கு மேலே. பெயின்ட் தீர்ந்துவிட்டது. ஞாயிறு மதியம் கடையும் பூட்டியிருந்தது.

"அறிவிருக்கா? சுவத்துல என்ன மாரத்தான்? ரெண்டு வாளியையும் ஒண்ணா கலக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?" என்று கத்தினேன்.

"நீங்கதான் டீச்சர் 'சீக்கிரம், சீக்கிரம்'னு விரட்டினீங்க," என்றார் கேப்டன். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இன்னாம்மா இது, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வூடு மாதிரி கீது! நடுவுல ஒரு கதவு போட்டு வுட்டுடுங்க. ஜன்னலுக்கு அடிச்ச பிரவுனு மீதி கீதுல்ல?"

கட்டிலை ஓரமாக இழுத்துவிட்டு, சுவரில் வரைந்தே போட்டோம். நிலை, தாழ்ப்பாள், மேலே மாவிலைத் தோரணம். வாளியின் அடியில் ஒட்டியிருந்த மஞ்சளை அக்காவே விரலால் வழித்து நிலைப்படிக்குப் பூசினார். தன் டப்பாவிலிருந்து குங்குமம் எடுத்துப் பொட்டும் வைத்தார். எல்லோரும் எட்ட நின்று பார்த்தோம். அவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு.

அப்போதுதான் போன் வந்தது. "யம்மா, பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். உள்ள வர மாட்டேன். நீ வந்து பாத்துட்டுப் போ." ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. அக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

கேப்டன் எழுந்தார். "கடைசி ஆள் இன்னும் வரலப்பா!" சொன்னதுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் வாசலுக்குப் பாய்ந்தது.

"நில்லுங்க!" என்றேன். "அக்கா முன்னால போகட்டும். எவனாவது கைதட்டினீங்க, கொன்னுடுவேன்." அந்தக் கைதட்டலுக்கு நடுவில் நடப்பது எப்படியிருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

உடம்பெல்லாம் மஞ்சளாக ஒரு கும்பல் தன் அம்மாவுக்குப் பின்னால் நடந்து வருவதைப் பார்த்து அந்தப் பெண் மிரண்டுவிட்டாள். "யாரும்மா இவங்கள்லாம்?"

"நம்ம வூட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவங்க," என்றார் அக்கா.

"தப்புத்தப்பா அடிச்சிருக்கோம்மா," என்றேன் நான். "வந்து பாத்து ஒரு தடவை சிரிச்சிட்டுப் போயிடு." அவள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அம்மாவோடு நடந்தாள்.

கூடத்துக்குள் வந்ததும் அந்தக் கதவின் முன்னால் நின்றாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள், தோரணத்தைப் பார்த்தாள், குங்குமப் பொட்டைப் பார்த்தாள். அவள் விரலை மடக்கிக் காயாத சுவரில் இரண்டு தடவை தட்டினாள்.

"யம்மா, உள்ள வரலாமா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செருப்ப வெளிய வுட்டுட்டு வா," என்றார்.

முதலில் கைதட்டியது நான்தான்.