நல்ல கட்டி

என் பெண்டாட்டி சுலோசனா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிப் பிழைப்பவள். வாய் ஓயவே ஓயாது. தலையில் கூடை இருக்கும்போதுகூடப் பேசிக்கொண்டேதான் நடப்பாள். சுனாமிக்கு மறு வருஷம் அவளுடைய இடது தாடை வீங்கியது. வலி இல்லை. சொத்தைப் பல் என்று பிடுங்கிப் பார்த்தோம், வீக்கம் நிற்கவில்லை.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுத்தார்கள், ஈறுக்குள்ளிருந்து துளி சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா, "பயப்படாதீங்க, கேன்சர் இல்ல. நல்ல கட்டிதான்" என்றார். அதற்கு மேல் என் காதில் எதுவும் விழவில்லை. சந்தோஷத்தில் அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த நல்ல கட்டி நாலே மாதத்தில் எலுமிச்சம்பழம் அளவு ஆனது. பல் ஆடியது. மறுபடி போனோம்.

"அடுத்த வாரமே வரச் சொன்னேனே!" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். "பாதித் தாடையை எடுக்கணும். கால் எலும்புல ஒரு துண்டை எடுத்து அங்க வைப்போம்."

 வியாதி தாடையில், வெட்டுவது காலையா? "நல்ல கட்டின்னு நீங்கதானே சொன்னீங்க? அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா?" என்று கத்திவிட்டேன்.

"வேற இடத்துக்குப் பரவாது, அந்த வகையில நல்லது. ஆனா இருக்குற எடத்துல எலும்பை அரிச்சுக்கிட்டே போகும். மிச்சம் வச்சா மறுபடி முளைக்கும்."

சம்மதத் தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் அவள் முகம் போய்விடும். போடாவிட்டால் அவளே போய்விடுவாளோ? ஒரு இழவும் புரியவில்லை. பேனா கையிலேயே நின்றது.

சுலோசனா கேட்டாள்: "யோவ், பாத்தி வரப்புல படம் எடுத்து நிக்குமே, அதுக்கு இன்னா பேரு?"

"நல்ல பாம்பு."

"நல்லதுன்னு மடியில வச்சுக்குவியா?"

பேனாவைப் பிடுங்கி அவளே முதலில் கையெழுத்துப் போட்டாள். பிறகு நான் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள் மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. வாய் ஓயாதவள் சிலேட்டில் எழுதினாள். பன்னிரண்டாம் நாள் கோணிய வாயால் குழறிக்கொண்டே, "நல்லா இருக்கேன்யா" என்றாள்.

நான் கேட்டேன்: "எந்த நல்லா, சுலோ?"

சிரிக்கப் பார்த்தாள், ஒரு பக்கம்தான் வந்தது. சிலேட்டை எடுத்தாள்: 'டாக்டரம்மாவக் கேளு. இந்த வாட்டி முழுசா கேட்டுட்டு வா.'

போனேன். அவர் பேசி முடிக்கும்வரை வாயே திறக்காமல் நின்றேன். வெட்டிய ஓரமெல்லாம் சுத்தமாம், கட்டி மிச்சம் இல்லையாம், வருஷா வருஷம் வந்து காட்டணுமாம். "இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா" என்றேன்.