ராகு காலத்தில் கொடுத்த வாக்கு

அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவு இருக்கும் என்று அவளே சொன்னாள். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு என்ன என்று வெள்ளிக்கிழமை வந்து கேட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அவளுக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தது. ஒரே பெண், இரண்டாம் வகுப்பு. அவள் வீட்டுக்காரரான மாமா, அறுப்பு நேரம், வர முடியாது என்று சொல்லிவிட்டார். வர முடியாதா, வரப் பயமா என்று நான் தோண்டிக் கேட்கவில்லை. எனக்கே பயம்.

ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டிலிருந்து நானும், வில்லியனூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் ஊரிலிருந்து அவளும் வந்து பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதாகப் பேச்சு. அவள் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டதாம். இறங்கும்போது மணி பத்தரை. கோரிமேட்டு பஸ் கிளம்பத் தயாராக நிற்கிறது. அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ராகு காலம் பொறந்துடுச்சி. பன்னண்டு மணிக்கு மேலதான் ஆஸ்பத்திரிக்குள்ள கால் வெப்பேன்."

"வியாதிக்கு ராகு காலம் தெரியுமா?" என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்தேனே தவிர, அவள் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றவில்லை. ராகு காலத்தில் எங்கள் வீட்டில் விதை நெல்லைக்கூட வெளியே எடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் போய், இவள் பிழைப்பாளா மாட்டாளா என்று கேட்க எனக்கும் துணிச்சல் இல்லை. பன்னிரண்டு வரை தப்பித்தோம் என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதல்கூட இருந்தது.

"அது வரைக்கும் என்ன பண்றது?"

"ஊரச் சுத்திக் காட்டு. பொறந்ததுல இருந்து வந்து போறேன், பெரிய மார்க்கெட்டத் தாண்டி ஒண்ணும் பாத்ததில்ல."

அது உண்மைதான். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாண்டிச்சேரி என்றால் மார்க்கெட், துணிக்கடை, ஆஸ்பத்திரி. மாசி மகத்துக்குக் கடலுக்கு வருவோம். சாமி போகும் வழியிலேயே போய் அதே வழியில் திரும்பிவிடுவோம். பிரெஞ்சுக்காரன் கட்டிய தெருக்களில் எங்களுக்கு என்ன வேலை?

கிழக்கே நடந்தோம். மார்க்கெட்டில் நுழைந்து கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டாள். கடைக்காரர் சொன்னதும் "ம்" என்று நகர்ந்துவிட்டாள். எங்கள் அக்கா பேரம் பேசாமல் ஒரு கடையை விட்டு நகர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

பெரிய வாய்க்காலைத் தாண்டியதும் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. கோடு போட்டது போல நேர்த் தெருக்கள். மஞ்சள் சுவர், சாத்திய ஜன்னல், மதிலுக்கு மேலே காகிதப்பூ. தெருப் பெயர் இரண்டு மொழியில். ஆள் நடமாட்டமே இல்லை.

"இவ்ளோ பெரிய வீட்டுல நெல்லு எங்கடி காயவெப்பாங்க?" என்றாள் அக்கா.

"அவங்க ரொட்டி தின்றவங்க, அக்கா."

"கோதுமையும் காயணும் இல்ல?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தெரு முனை வரும்போதும் அவள் கை முந்தானைக்குள் போய் அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது. இருக்கிறதா என்று பார்க்கிறாளா, கரைந்திருக்குமா என்று பார்க்கிறாளா? ஒரு கதவு திறந்து, கக்கத்தில் நீள ரொட்டியோடு ஒரு பெரியவர் வெளியே வந்தார். எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்து "போன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். அக்கா சட்டென்று கையெடுத்து அவரைக் கும்பிட்டாள். யாரைக் கண்டாலும் கும்பிட்டுவிடும் நிலையில் இருந்தாள்.

கடற்கரையில் வெயில் கொளுத்தியது. கருங்கல் பாறைகளில் அலை மோதி மோதித் திரும்பியது. சுவர் மேல் உட்கார்ந்தோம். கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எம் பொண்ண நீ வெச்சிக்கறியாடி?"

நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உங்க மாமா நல்லவருதான். ஆனா வருசம் திரும்பறதுக்குள்ள அவங்க அம்மா வேற ஒருத்திய கொண்டாந்து உட்ருவாங்க. வரவ எப்படி இருப்பாளோ. எம் பொண்ணு சோறு கேட்டு வாங்கித் தின்னத் தெரியாதவ."

"வாய மூடு. ராகு காலத்துல இன்னா பேச்சு இது? சொன்னது பலிச்சிடும்."

"அப்ப பன்னண்டு அடிச்சதும் பதில் சொல்லு."

என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன். சரி என்று சொன்னால் அவள் சாவுக்கு நானே சம்மதம் கொடுத்த மாதிரி இருந்தது. முடியாது என்று எந்தத் தங்கை சொல்வாள்? திரும்பி மேற்கே நடந்தபோது, பன்னிரண்டே அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். இருவரிடமும் கடிகாரம் இல்லை.

மிஷன் தெருவுக்குள் திரும்பியதும் மாதா கோயில் மணி அடித்தது. பன்னிரண்டு மணிக்கு அங்கே மணி அடிப்பார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடிச்சிடுச்சி. சொல்லு."

"வெச்சிக்கறேன்" என்றேன். "எம் பொண்ணாட்டம் வெச்சிக்கறேன். போதுமா?"

அவள் பிடி தளர்ந்தது. ஆனால் மணி நிற்கவில்லை. ஒரு அடி, நெடுநேரம் அமைதி, மறுபடி ஒரு அடி. நடைபாதையில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா கட்டுவதை நிறுத்திவிட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, மணி பன்னண்டுதான?" என்று கேட்டேன்.

"பன்னண்டா? அதுக்கு இன்னும் எவ்ளோ நேரம் கெடக்குது. இது சாவு மணிம்மா. நம்ம கோயில் ஜனத்துல யாரோ போயிட்டாங்க."

ராகு காலத்தில், சாவு மணி அடிக்க அடிக்க, அக்காவின் பெண்ணை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என் நாக்காலேயே இவளைக் கொன்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது. பூக்கடை ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அடி பைத்தியம். ராகு காலத்துல ஆரம்பிச்ச காரியம் எது உருப்பட்டிருக்கு? அப்ப நீ எம் பொண்ண வளக்கவே மாட்ட. நாந்தான் வளப்பேன்!"

யோசித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. சாவு மணி அடிக்கும்போது இதுங்க என்ன ஜென்மம் என்பதுபோலப் பூக்கார அம்மா எங்களைப் பார்த்தார். அவரைச் சமாதானப்படுத்த அக்கா இரண்டு முழம் மல்லி வாங்கினாள். இந்தத் தடவை பேரம் பேசித்தான் வாங்கினாள். பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டு, "வா, கேட்டுட்டு வந்துடலாம்" என்று முன்னால் நடந்தாள்.

பன்னிரண்டு தாண்டித்தான் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தாள். உள்ளே கூட்டம். வெகு நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். அக்காவின் தலையில் இருந்த பூவை ஒரு முறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். நாங்கள் பயந்ததுதான். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு மருந்து ஏற்ற வேண்டும், கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்றார். உயிருக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். "வைத்தியத்தை ஆரம்பிப்போம்மா, பாக்கலாம்" என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம். அக்கா அழவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, வந்து நிற்கும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி என்னா?" என்றாள்.

பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுச் சொன்னேன். இரண்டு.

"ராகு காலம் முடிஞ்சிடுச்சில்ல?"

"எப்பவோ முடிஞ்சிடுச்சி."

"எமகண்டம்?"

"மூணு மணிக்கு மேலதான்."

என் கையை எடுத்து அவள் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்ப, அந்த வார்த்தைய இன்னொரு வாட்டி சொல்லுடி. நல்ல நேரத்துல சொல்லு."